கல்பாசியின் வாசமும் ஒரு ஊதாச் சாயமும்

செட்டிநாட்டு மசாலாவில் போடுற கல்பாசி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பார்க்க காய்ந்த சருகு மாதிரிதான். ஆனா சூடான எண்ணெயில் விழுந்ததும் வீடே மணக்கும். இன்னிக்கு அந்த வாசத்தோட வரலாறு. நான் மங்கலத்துக்காரன், எங்க ஊர்ல வேதியியல்னாலே சாயப்பட்டறைதான் நினைவுக்கு வரும். இந்தக் கதையும் அங்கதான் போய்ச் சேருது.

முதல்ல ஒரு விஷயம்: கல்பாசி பாசியே இல்லை. ஒரு பூஞ்சையும் நுண்ணிய பாசியும் சேர்ந்து வாழுற லைக்கன். 1860-களில் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னப்போ பலர் ஏத்துக்கவே இல்லை. ஐரோப்பாவிலும் இப்படி ஒரு லைக்கனுக்கு 'ஓக் பாசி'ன்னுதான் பெயர். 1917-இல் பிரான்சுவா கோட்டி வெளியிட்ட 'ஷீப்ர்' சென்ட்டுக்கு அதன் சாறுதான் அடித்தளம்.

இங்கே நம்ம ஆள் ஒருத்தர் வர்றார். டி. ஆர். சேஷாத்ரி, 1900-இல் குளித்தலையில் பிறந்தவர். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி, வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இந்திய லைக்கன்களை ஆராயத் தொடங்கினார். அதில் ஒன்று ரோசெல்லா மொண்டாக்னி, கடலோர மரங்களில் தொங்குற சாம்பல் நிற லைக்கன். 1949-இல் டெல்லிக்குப் போன பிறகும் இந்த வேலை தொடர்ந்தது. 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

இந்த வேதியியலில் ஒரு அழகு இருக்கு. லைக்கனுக்குள்ள இருக்கிற அமிலங்களுக்குப் பெரிசா மணம் கிடையாது. அவை உடையும்போது வர்ற சின்ன மூலக்கூறுகள்தான் மணக்குது. ரோசெல்லாவின் அமிலம் உடைந்தால் ஓர்சினால் கிடைக்கும். அதை அம்மோனியாவோடு காற்றில் விட்டால் ஊதாச் சாயம்! ஓக் பாசியின் வாசமும் இந்தச் சாயமும் ஒரே வேதிக் குடும்பம். அந்தக் காலத்துச் சாயக்காரர்கள் அம்மோனியாவுக்குப் புளித்த சிறுநீரையே பயன்படுத்தினாங்க. 1856-இல் பெர்கின் கரித்தாரிலிருந்து ஊதாச் சாயம் செய்தார். செயற்கைச் சாயங்கள் வரிசையா வந்தன, லைக்கன் சாயம் ஓரமாப் போச்சு.

அப்போ லைக்கனுக்கே திரும்பிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. பல லைக்கன்கள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்; ஒரு பனியன் கம்பெனிக்கே காடு போதாது. 'இயற்கை'ன்னா பாதுகாப்புன்னும் அர்த்தமில்லை. லைக்கன்களில் கிடைக்கிற அஸ்னிக் அமிலம் ஆய்வகத்தில் பல பாக்டீரியாக்களைத் தடுக்கும். அதையே எடை குறைக்கிற மாத்திரையில் சேர்த்தப்போ சிலருக்குக் கல்லீரல் கெட்டு, 2001-இல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விட்டது. ஓக் பாசிச் சாற்றில் வர்ற அட்ரனால் தோல் ஒவ்வாமை தருதுன்னு 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது.

ஆக, இயற்கையா செயற்கையாங்கிறது பாதிக் கேள்விதான். எவ்வளவு, யார் உடம்பில், மிச்சம் எங்கே போகுது? இதுதான் மீதிக் கேள்வி. அதை எங்க பகுதி ரொம்பத் தாமதமா கேட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ, நொய்யல் ஏற்கெனவே நிறம் மாறியிருந்தது. அந்த நொய்யல் காவிரியில் கலந்து, சேஷாத்ரி பிறந்த குளித்தலை வழியாத்தான் போகுது.

ஒரு பொருளைப் பிரிச்சு, உள்ளே என்ன இருக்குன்னு பொறுமையா பார்க்கிற வேலையைத்தான் அவர் கடைசிவரை செய்தார். பட்டறைக் கழிவுநீருக்கும் அதே பொறுமை தேவை.