அஞ்சலட்டை, ஒலிநாடா, ஒலிபெருக்கி: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தில் ‘டிஸ்கோ’ப் பாடல்களும் கேட்போர் மதிப்பீடும் (1967–2000)

ஆய்வுச்சுருக்கம்

1970களின் பிற்பகுதி முதல் தமிழ்த் திரையிசையில் இடம்பெற்ற ஃபங்க், சோல், டிஸ்கோ ஆகிய ஆப்பிரிக்க – அமெரிக்க இசைக்கூறுகளைச் சிறுநகரக் கேட்போர் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைக் களமாகக் கொண்டு, வானொலி விருப்ப மடல், ஒலிப்பதிவு நிலையத்தின் பாடற்பட்டியல், விழாக்கால ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் கேட்போர் கருத்தின் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கேட்கும் கருவி மாறியபோது மதிப்பீட்டின் அளவுகோலும் மாறியது என்பதும், பிற்காலத்தில் மேலைநாட்டுச் சேகரிப்பாளர் இட்ட வகைப்பெயர்களை அக்காலக் கேட்போர்மீது ஏற்றுவது பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: திரையிசை, நேயர் விருப்பம், ஒலிநாடா, ஒலிபெருக்கி, ஃபங்க், சோல், டிஸ்கோ, விழுப்புரம், திண்டிவனம்.

1. முன்னுரை

தமிழ்த் திரையிசையின் வரலாறு பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் ஆகியோரை மையமிட்டே எழுதப்பட்டு வருகிறது. இசைத்தட்டின் வருகை தமிழகத்தில் ஏற்படுத்திய மாற்றங்களை ஸ்டீபன் ஹியூஸ் ஆராய்ந்துள்ளார். வட இந்தியாவில் ஒலிநாடா உருவாக்கிய புதிய சந்தையைப் பீட்டர் மேனுவலின் 1993ஆம் ஆண்டு நூல் விளக்குகிறது. தமிழகச் சிற்றூர் ஒன்றில் ஒலிநாடா இசைக்கப்பட்ட முறையைப் பால் கிரீன் 1999இல் வெளியிட்ட கட்டுரை விரித்துரைக்கிறது. இவற்றின் தொடர்ச்சியாக எழும் வினா ஒன்றுண்டு. விமர்சனம் எழுதாத, இதழ்களில் பெயர் வராத கேட்போரின் கருத்தை எங்கே தேடுவது?

இவ்வினாவுக்கு விழுப்புரமும் திண்டிவனமும் தக்க களங்கள். 1993 செப்டம்பர் 30 வரை இரண்டும் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. விழுப்புரம் பல இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு. திண்டிவனம் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் வழி பிரியும் ஊர். இரண்டும் புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. சென்னையில் உருவாகும் இசை விரைந்து வந்து சேர்ந்த இவ்வூர்களில், அவ்விசையைப் பற்றிய கருத்தை எழுதும் இதழ்த்தளம் இல்லை. புதுச்சேரி வானொலி நிலையம் தொடங்கிய 1967ஆம் ஆண்டும், ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் நடைமுறைக்கு வந்த 2000ஆம் ஆண்டும் இவ்வாய்வின் கால எல்லைகளாகின்றன.

2. வகைப்பெயரும் அதன் உரிமையாளரும்

கறுப்பின மக்களின் தேவாலய இசையும் ‘ரிதம் அண்டு புளூஸ்’ இசையும் இணைந்து அமெரிக்காவில் உருவானது சோல். 1960களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் தாள அடியின் முதல் தட்டை முதன்மைப்படுத்தி, பாடகர் குரலையும் தாளக் கருவியைப் போல் கையாண்டதிலிருந்து ஃபங்க் கிளைத்தது. பேஸ் கிட்டாரின் தனித்த நடை, எதிர்த்தட்டில் வெட்டி ஒலிக்கும் கிட்டார், குறுகிய பித்தளைக் கருவி முழக்கங்கள் ஆகியன அதன் அடையாளங்கள்.

அங்கு வகைப்பெயரின் வரலாறே கேட்போரின் வரலாறாகவும் அமைகிறது. ‘பில்போர்டு’ இதழ் கறுப்பினத்தார் வாங்கிய இசைத்தட்டுகளின் பட்டியலை ஒரு காலத்தில் இனத்தின் பெயராலேயே குறித்தது. 1949இல் அது ‘ரிதம் அண்டு புளூஸ்’ என மாறியது. 1969இல் ‘சோல்’ என்றானது. கறுப்பின மக்கள் தம் இசைக்குத் தாமே வழங்கிய சொல்லை வணிக இதழ் ஏற்றுக்கொண்ட நிகழ்வாக இம்மாற்றத்தைக் கொள்ளலாம்.

தமிழ்ச் சூழலில் நிகழ்ந்தது வேறு. 1970களின் பிற்பகுதியில் மேற்சொன்ன கூறுகள் திரையிசையில் பரவலாயின. இளையராஜாவின் இசைக்குழுவில் பேஸ் கிட்டார், டிரம்ஸ், மின்விசைப்பலகை ஆகியன நிலையான இடம் பெற்றன. எனினும் ‘ஃபங்க்’, ‘சோல்’ என்னும் சொற்கள் பொதுவழக்கில் இடம்பெறவில்லை. ‘டிஸ்கோ’ என்ற ஒரு சொல்லே துள்ளலிசை அனைத்தையும் சுட்டியது. 1982இல் வெளியான ‘டிஸ்கோ டான்ஸர்’ இந்திப் படமும், 1985இல் அதன் தமிழாக்கமாக வந்த ‘பாடும் வானம்பாடி’யும் அச்சொல்லைச் சிற்றூர்கள்வரை கொண்டுசென்றன. இசையிலக்கணப்படி இது துல்லியமற்ற பெயர். ஆயினும் கேட்போர் தாமே கையாண்ட பெயர் என்பதால் வரலாற்றாய்வில் அதற்கே முதலிடம் உரியது.

3. அஞ்சலட்டை: பெயரோடு கூடிய விருப்பம்

1952இல் மத்திய அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் இடம் சுருங்கியது. அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலி நிரப்பியது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தமிழகத்தில் செல்வாக்கு இழக்கவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்கள் தமிழக இல்லங்களில் அறிந்த குரல்களாயினர்.

நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பாடலுக்கு முன்னர் அதைக் கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன. இவ்வாசிப்பை வெறும் முறைமை எனக் கடந்துவிட இயலாது. 1980களில் 15 காசு விலையுள்ள ஓர் அஞ்சலட்டை, சிறுநகரத்தவர் ஒருவரின் இசைத்தேர்வை உள்நாட்டு வானொலியில் பொதுவெளிக் கருத்தாக மாற்றியது. ஒரே பாடலை விரும்பிய பல ஊர்ப் பெயர்கள் அடுத்தடுத்து ஒலித்தபோது, ஒருவரையொருவர் அறியாத கேட்போர் ஒரு குழுவாயினர். கடைக்கோ திரையரங்குக்கோ தனித்துச் செல்லத் தடைகள் இருந்த பெண்களுக்கும் இவ்வழி திறந்திருந்தது. வானொலி மடல் பெண்களின் இசைக்கருத்துக்கான சான்று என்ற நிலையில் தனியே ஆராயப்பட வேண்டியது.

இங்குக் கருவியின் எல்லையையும் கருத வேண்டும். மத்திய அலை ஒலிபரப்பில் மிக உயர்ந்த அதிர்வெண்கள் குறைக்கப்படுகின்றன. டிரான்சிஸ்டர் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த அதிர்வெண்கள் தெளிவாகக் கேட்பதில்லை. ஆகவே ஒரு பாடலின் உயிராக இசையமைப்பாளர் வைத்த பேஸ் கிட்டார் நடை, வானொலி நேயரின் செவிக்கு மங்கலாகவே எட்டியது. எட்டியவை குரலும் மெட்டும் பித்தளைக் கருவிகளும். 1978இல் வெளியான ‘ப்ரியா’ தமிழின் முதல் ஸ்டீரியோ ஒலிப்பதிவு எனப் போற்றப்படுகிறது. ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட வானொலியில் அதன் இருவழி ஒலி ஒருவழியாகவே ஒலித்தது. வானொலி நேயரின் விருப்பம் குரலையும் மெட்டையும் சார்ந்திருந்ததை ஆராய்வோர், நேயரின் சுவையோடு பெட்டியின் இயல்பையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.

4. ஒலிநாடா: கேட்பவர் தொகுத்த தொகுப்பு

1980களில் சிறுநகரக் கடைவீதிகளில் ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்னும் ஒலிப்பதிவு நிலையங்கள் பெருகின. வாடிக்கையாளர் தாளில் பாடல்களை எழுதித் தருவார். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்தோ மூல ஒலிநாடாவிலிருந்தோ அவற்றை வெற்று நாடாவில் பதிந்து தருவார். 60 நிமிட நாடாவின் ஒரு பக்கத்தில் 30 நிமிடமே பதியலாம். நான்கரை நிமிடப் பாடல்களாயின் ஒரு பக்கத்துக்கு ஆறு, இரு பக்கத்துக்கும் பன்னிரண்டு மட்டுமே அடங்கும். இவ்வெல்லை கேட்பவரைத் தரவரிசை செய்யத் தூண்டியது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது ஆகிய முடிவுகள் அந்தத் தாளில் பதிவாயின. இசை விமர்சனத்துக்கு நிகரான கருத்துப் பதிவாக அத்தாளைக் கொள்வதில் தவறில்லை.

மேலைச் சோல் இசையில் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ (1971) போன்ற ஆக்கங்களுக்குப்பின், நெடுந்தட்டு முழுவதையும் ஒரே படைப்பாகக் கருதி மதிப்பிடும் வழக்கம் வலுப்பெற்றது. தமிழ்நாட்டில் தொகுப்பின் அலகு திரைப்படமாக இருந்தது. இரு படங்களின் பாடல்களை ஒரே நாடாவின் இரு பக்கங்களில் விற்ற வணிக வழக்கமும் இருந்தது. ஒலிப்பதிவு நிலையத்தின் பட்டியல் இவ்வலகைக் கலைத்தது. துள்ளலிசைப் பாடல்களை மட்டும் பல படங்களிலிருந்து திரட்டி ஒரு நாடாவாக்க முடிந்தபோது, ‘டிஸ்கோப் பாட்டு’ என்ற வகை கேட்போரால் ஒரு பொருளாகவே உருவாக்கப்பட்டது. ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) போன்ற திரைசாரா இசைத்தொகுப்பு வெளிவந்தபோது, காட்சியும் பாடல்வரியும் இன்றிக் கருவியிசையை மட்டும் மதிப்பிடும் நிலை கேட்போருக்கு ஏற்பட்டது.

இச்சான்றுகளைக் கையாள்வதில் அறநெறிச் சிக்கல் ஒன்றுண்டு. அனுமதியற்ற இப்பதிவு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு மாறானது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. எனவே கடையின் பெயரையும் வாடிக்கையாளர் பெயரையும் மறைத்தே இத்தாள்களைப் பயன்படுத்த வேண்டும்.

5. ஒலிபெருக்கி: விரும்பாதவரும் கேட்ட இசை

திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா ஆகியவற்றில் ‘ரேடியோ செட்’ வைப்பது இவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். விடியலில் பக்திப் பாடல், மணமக்கள் வரும்போது ‘சாரதா’ (1962) படத்தில் மருமகளை வரவேற்கும் பாடல், மாலையில் இளைஞர் விரும்பும் பாடல் என ஒரு நிரல் உருவாகியிருந்தது. துள்ளலிசை இந்நிரலில் மாலைக்கும் இரவுக்கும் உரியதாயிற்று. கேட்போர் பாடலை இசைவகையால் பிரிக்காமல் பொழுதாலும் நிகழ்வாலும் பிரித்தனர் என்பதற்கு இது சான்று. ‘சகலகலா வல்லவன்’ (1982) படத்தின் புத்தாண்டுப் பாடல் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. இசையமைப்பில் அது டிஸ்கோ. வழக்கிலோ டிசம்பர் 31 நள்ளிரவுக்குரிய சடங்குப் பாடல். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அதைத் தக்கவைத்திருப்பது கேட்போர் அளித்த தீர்ப்பு.

இங்கும் கருவியே அளவுகோலை வகுத்தது. மரத்திலும் கம்பத்திலும் கட்டப்பட்ட குழாய் ஒலிபெருக்கி, நடுத்தர அதிர்வெண்களை நெடுந்தொலைவு கடத்தும். தாழ்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் இழக்கும். ஆகவே குழாயில் சிறந்து ஒலித்தவை கணீரென்ற குரலும் நாதசுரமும் பித்தளைக் கருவிகளுமே. பின்னர்ப் பெட்டி ஒலிபெருக்கிகளும் பெரிய வூஃபர்களும் வந்தபோது பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் அடித்தாளமும் முதன்முறையாக விழாக்கூட்டத்தின் உடலை எட்டின. ‘பேஸ் நல்லா இருக்கு’ என்பது பாராட்டுத் தொடரானது. ஃபங்க் இசையின் உயிர்க்கூறு, அப்பெயர் அறியப்படாமலே, ஒரு மதிப்பீட்டுச் சொல்லாக வழக்கில் நுழைந்தது.

எனினும் ஒலிபெருக்கியை ஊரின் ஒருமித்த கருத்தாகக் கொள்ளலாகாது. செட்டுக்குப் பணம் கொடுத்தவரே பாடலைத் தேர்ந்தெடுத்தார். ஊரும் சேரியும் அதைக் கேட்டன. ஒலி எல்லை கடந்தாலும் தேர்வுரிமை எல்லைக்குட்பட்டிருந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்திய 2000ஆம் ஆண்டு விதிகள், கேட்க விரும்பாதோரின் கருத்துக்கும் சட்டத்தில் இடமளித்தன.

6. பிற்காலச் செவிகள்

2003இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு ‘எலிஃபங்க்’ தொகுப்பில், ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படப் பாடல் ஒன்றின் பகுதியைப் பயன்படுத்தியது. ஈழத்தமிழ்ப் பின்புலம் கொண்ட எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்பில் ‘தளபதி’ (1991) படத்தின் பாடற்பகுதி இடம்பெற்றது. ஐக்கிய இராச்சியத்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 1977–1983 காலத்து இளையராஜா பாடல்களைத் தொகுத்து இசைத்தட்டாக வெளியிட்டது. இவையும் கேட்போர் கருத்துகளே. ஆனால் நல்ல இசைத்தட்டையும் உயர்தர ஒலிக்கருவியையும் கொண்டு கேட்ட செவிகளின் கருத்துகள் இவை. அச்செவி பேஸ் கிட்டாரையும் மின்னொலியையும் முன்னிறுத்துகிறது. பாடல்வரியும் திரைச்சூழலும் பின்னே செல்கின்றன.

இவ்விரு கேட்பு முறைகளும் ஒரே பாடலைப் பற்றியவை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. ஆயின் ‘தமிழ் ஃபங்க்’ என்னும் இன்றைய பெயரை 1980களின் திண்டிவனத்துக் கேட்போர்மீது ஏற்றினால், பொழுதாலும் நிகழ்வாலும் பாடலை வகைப்படுத்திய அவர்களது முறை மறைந்துபோகும். சோல் என்ற பெயர் அச்சமூகத்தின் நாவிலிருந்து வணிகப் பட்டியலுக்குச் சென்றது. தமிழ் ஃபங்க் என்ற பெயர் வணிக அட்டையிலிருந்து தமிழரிடம் வந்து சேர்ந்தது. இவ்வேறுபாட்டை வரலாற்றாய்வு பேண வேண்டும்.

7. முடிவுரை

அஞ்சலட்டை பெயரோடு கூடிய விருப்பத்தையும், ஒலிநாடாப் பட்டியல் தரவரிசையையும், ஒலிபெருக்கி பொழுதுசார் வகைப்பாட்டையும் பதிவுசெய்தன. மூன்றிலும் கருவியின் ஒலியியல்பு மதிப்பீட்டை வடிவமைத்தது. குரலே பாடல் என்ற நிலையிலிருந்து பேஸும் பாடலே என்ற நிலைக்குச் சிறுநகரச் செவி நகர்ந்தது இவ்வழியில்தான்.

இச்சான்றுகள் விரைந்து அழிந்து வருகின்றன. காந்த நாடா ஈரத்தாலும் பூஞ்சையாலும் கெடுகிறது. கையெழுத்துப் பட்டியல்கள் கடை மூடும்போது பழைய தாளாக எடைக்குப் போகின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல், இதழ்களுடன் இசைத்தட்டுகளையும் பேணுவதுபோல, நாடா உறைகளில் எழுதப்பட்ட பாடற்பட்டியல்கள், ஒலிப்பதிவு நிலையக் குறிப்பேடுகள், செட்டுக்காரர்களின் தட்டுப்பெட்டிகள் ஆகியனவும் வட்டார அளவில் திரட்டப்பட வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்றுத் துறைகள் மாணவர் களப்பணியின் பகுதியாகவே இதனை மேற்கொள்ளலாம். அவ்வாறு திரட்டப்படும்போது, இசையை உருவாக்கியோரின் வரலாற்றுக்கு இணையாக அதைக் கேட்டோரின் வரலாற்றையும் சான்றுகளுடன் எழுத வழி பிறக்கும்.