தீவகக் கடலும் களக்குறிப்பேடும்

எமது சங்கம் நூற்றாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், கடற்றொழில் விஞ்ஞானம் பயிலும் பல்கலைக்கழக மாணவியர் விடுமுறைக் காலக் களப்பயிற்சிக்காக ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுக் கரைகளில் அளவுகோலும் குறிப்பேடுமாக நிற்பதைக் காண்கிறோம். எம்மில் மூத்தோர் படித்த காலத்தில் விலங்கியற் பாடம் ஆய்வுகூடக் கதவோடு முடிந்துவிடும். தேரையையும் கரப்பானையும் வெட்டிப் படித்தோம். ஆனால் வீட்டுக்கு அருகிலிருந்த கடலைப் படிக்க எவரும் எம்மை அனுப்பியதில்லை. இறங்குதுறை பெண்பிள்ளைகள் போகும் இடமல்ல என்பது அன்றைய எண்ணம். அந்த எண்ணம் மாறிய வரலாற்றை இம்மலரில் பதிந்து வைப்பது எமது கடனாகும்.

இலங்கைக் கடலை விஞ்ஞான முறையில் ஆராயும் பெருமுயற்சி முத்தை முன்னிட்டே தொடங்கியது. முத்துச்சிப்பிப் பார்கள் அடிக்கடி பொய்த்துப் போனதால், காரணம் அறிய லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை ஆங்கில அரசு அழைத்தது. மன்னார்க் குடாவை மையமாகக் கொண்ட அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையிற் பணியாற்றி, 1914இல் சங்கைப் பற்றித் தனிநூல் எழுதினார். எமது கடலிற் குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று பெண்களின் கைவளையாயிற்று. அரசு வருமானம் தந்த முத்தும் சங்கும் ஆராயப்பட்டன. எமது அடுப்படிக்கு வந்த திரளிக்கும் ஒட்டிக்கும் ஓராவுக்கும் நண்டுக்கும் நெடுங்காலம் அந்தக் கவனம் கிடைக்கவில்லை.

இலங்கையில் மீன்பிடித் திணைக்களம் 1941இல் அமைந்தது. 1950களின் பிற்பகுதியில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளும், அதனையடுத்து நைலோன் வலைகளும் வந்தன. 1956இல் நோர்வே சென்ற யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம், அந்நாட்டு இளைஞர் இயக்கத்தின் துணையோடு 1960களின் இறுதியில் தொடங்கிய முயற்சியே பின்னர் ‘சீநோர்’ ஆயிற்று. காரைநகரில் அதன் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் இயங்கின. 1974இல் யாழ்ப்பாண வளாகம் உதயமாகி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1978 முதல் 1980 வரை ‘டொக்டர் பிரிட்ஜொப் நான்சன்’ என்ற ஆய்வுக் கப்பல் இலங்கையைச் சூழ்ந்த கடலின் மீன்வளத்தை மதிப்பிட்டது. 1981இல் தேசிய நீரியல் வள ஆய்வு நிறுவனம் சட்டத்தால் உருவானது. ஊரிலேயே கடலைக் கற்கும் வாய்ப்பு அப்போதுதான் எம் பெண்களுக்குக் கிட்டியது. பிற்காலத்தில் பேராசிரியை சிவசாந்தினி குகநாதன் போன்றோர் திரளி முதலிய கரையோர மீன்களின் வளர்ச்சியையும் தொகையையும் ஆராய்ந்து உலக ஆய்விதழ்களில் எழுதும் நிலை உருவானது.

ஆனால் இந்த வளர்ச்சியின் நடுவே நீண்ட வெட்டு விழுந்தது. 1983க்கு முன் நாட்டின் கடல்மீன் உற்பத்தியில் ஐந்திலொரு பங்குக்கும் மேல் யாழ் மாவட்டத்திலிருந்தே கிடைத்தது. போர் வந்ததும் கடல் மூடப்பட்டது. 1985 மே 15 அன்று நெடுந்தீவுக் ‘குமுதினி’ப் படகிற் பயணம் செய்தோர் கொல்லப்பட்ட துயரை எமது தலைமுறை மறவாது. 1990இல் ஊர்காவற்றுறையும் மண்டைதீவும் இராணுவத்தின் வசமாயின; தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வாடிகளும் வலைகளும் போயின. அவற்றோடு எந்தத் துறையில் எந்த மாதம் எந்த மீன் எவ்வளவு பட்டது என்ற தொடர்ச்சியான பதிவும் போயிற்று.

இந்த இழப்பின் பாரம் 2009க்குப் பிறகே முழுமையாகத் தெரிந்தது. மீண்டும் கடலுக்குப் போனவர்கள் பாக்குநீரிணையில் இந்திய இழுவைப் படகுகளைக் கண்டனர். அடிக்கடலை வாரும் அம்மடி குஞ்சுகளையும் கடற்புற்களையும் சேர்த்தே அள்ளுகிறது. சிறுதொழிலாளரின் வலைகளையும் அறுக்கிறது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தாற் தடைசெய்தது. எனினும் எவ்வளவு வளம் அழிந்தது என்று கேட்டால், முன்பு இருந்ததைக் காட்டும் கணக்கு வேண்டும். அண்மைக் காலத்தில் கரையோரமெங்கும் எழுந்த கடலட்டைப் பண்ணைகள் பற்றிய வாதங்களிலும் இதே தேவை உண்டு. கணக்கில்லாதவனின் முறைப்பாடு வெறும் புலம்பலாகவே கொள்ளப்படுகிறது.

ஆகவே ஒரு மாணவியின் குறிப்பேடு சிறு விடயமன்று. அவள் விடியப்புறம் துறைக்குப் போகிறாள். எத்தனை படகு போனது, எத்தனை வலை விட்டார்கள், எத்தனை மணித்தியாலம் கிடந்தது, என்ன பட்டது என்று கேட்டு எழுதுகிறாள். பிடி எவ்வளவு என்பது மட்டும் போதாது. அதே பிடிக்கு முன்னையிலும் இரு மடங்கு வலை விடவேண்டியிருந்தால் வளம் குறைகிறதென்று பொருள். நீலக்கால் நண்டின் ஓட்டை முள்ளுக்கு முள் அளக்கிறாள். வயிற்று மடிப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று பிரிக்கிறாள். சினை செம்மஞ்சளா கறுப்பா என்று பார்க்கிறாள். கறுத்துவிட்டால் குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது.

தீவகத்தில் இக்கணக்கு காற்றோடு மாறும். சோழகக் காலத்தில் நெடுந்தீவுப் பயணமே கடினமாகும்; வாடை எழுந்தால் வடகரை கொந்தளிக்கும். தொழிலாளர் காற்றுக்கேற்பத் துறையையும் வலையையும் மாற்றுவர். ஒரு விடுமுறைக்கு மாத்திரம் வந்து போகிறவள் ஒரு காற்றின் மீனையே காண்பாள். ஆண்டுதோறும் ஒருத்தி விட்ட இடத்தில் மற்றொருத்தி தொடர்ந்தால்தான் அது ஊரின் பதிவாகும்.

பெண்கள் இப்பணிக்கு வருவதில் இன்னொரு நன்மையும் உண்டு. வலையிலிருந்து நண்டு கழற்றுவது, கருவாடு போடுவது, மீன் விற்பது என்று கரையில் நடக்கும் வேலையிற் பெரும்பங்கு பெண்களுடையது. கடலுக்குப் போனவர்களை மட்டும் எண்ணும் கணக்கில் அவர்கள் வருவதில்லை. ‘அக்கா, போன வருடம் இந்த மாதம் இவ்வளவு சிறுநண்டு வந்ததா?’ என்று ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் குந்தியிருந்து கேட்கும்போது, எந்தப் படிவத்திலும் இல்லாத விடை கிடைக்கிறது.

பிறநாட்டு வரலாறொன்று எமக்கு நல்ல வழி காட்டுகிறது. அமெரிக்காவின் அனிஸ்குவாமில் 1881இல் கோடைகாலக் கடல் ஆய்வுகூடமொன்று நடைபெறப் பொஸ்ரன் நகரப் பெண்கள் கல்விச் சங்கம் பொருளுதவி செய்தது. அதன் தொடர்ச்சியாக 1888இல் வுட்ஸ்ஹோல் ஆய்வுகூடம் தோன்றி, தொடக்கம் முதலே பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 1929 கோடையில் அங்கு பயின்ற மாணவியருள் ஒருவர் ரேச்சல் கார்சன். பின்னர் அமெரிக்க மீன்வளத் திணைக்களத்திற் பணியாற்றி, கடலைப் பற்றியும் பூச்சிகொல்லிகளின் கேட்டைப் பற்றியும் உலகம் கேட்க எழுதியவர் அவர். அந்த வழியின் தொடக்கத்தில் நின்றது எம்மைப் போன்ற ஒரு பெண்கள் சங்கமே.

இன்று நெடுந்தீவில் ஒரு மாதம் தங்கிப் பயிலும் மாணவிக்குப் பாதுகாப்பான தங்குமிடமும், குறிகட்டுவானிலிருந்து படகிற் போய்வரும் வசதியும், அவள் எழுதிய குறிப்பேட்டைப் பேணிவைக்க ஓர் இடமும் வேண்டும். தீவுகளில் உறவும் வீடும் உள்ள பழைய மாணவியர் எம்மிற் பலர். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து உதவக் காத்திருப்போரும் பலர். தங்குமிடத்துக்கு ஓர் அறையும், குறிப்பேடுகளுக்கு எமது நூலகத்தில் ஓர் அலுமாரியும் ஒதுக்குவது எம்மாலியன்ற செயலே. இரண்டாம் நூற்றாண்டின் முதற் பணிகளுள் ஒன்றாக இதனை மேற்கொள்ளுமாறு எம் சகோதரிகளை அன்புடன் வேண்டுகிறோம்.