கருக்கால ஹீமோகுளோபினை மீட்டெடுத்தல்: மரபணுக் கட்டுப்பாடு பற்றிய ஓர் ஆய்வு

1. சிக்கல்

உடலின் உட்கரு உள்ள எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ.தான். ஆயினும் ஹீமோகுளோபினைப் பெருமளவில் செய்பவை உருவாகிவரும் சிவப்பணுக்களே. அங்கும் வயதுக்கேற்ப வகை மாறுகிறது. கருவில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு காமா சங்கிலிகள். பிறந்த சில மாதங்களில் காமாவின் இடத்தைப் பீட்டா பிடித்துக்கொள்கிறது. கதிர் அரிவாள் ரத்தசோகை பீட்டாவில் உள்ள பிழையால் வருவது. அதனால்தான் பச்சிளங்குழந்தைகளிடம் நோய் தலைகாட்டுவதில்லை. 1948இல் ஜேனட் வாட்சன் இதைக் கவனித்தார். காக்கும் காமா மரபணு வளர்ந்தவர்களிடமும் பழுதின்றி இருக்கிறது. பின் அதை வாயடைத்தது எது?

2. காலம்

11ஆம் குரோமோசோமில் எப்சிலான், இரு காமா, டெல்டா, பீட்டா ஆகிய சங்கிலி மரபணுக்கள் வளர்ச்சியில் இயங்கும் வரிசையிலேயே அமைந்திருப்பது வியப்பூட்டுகிறது. அவற்றுக்கு முன்னால் தொலைவில் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. டி.என்.ஏ. வளைய, அது உரிய மரபணுவை நெருங்கி இயக்குகிறது. பி.சி.எல்.11ஏ என்ற புரதம் காமாவின் தொடக்கத்துக்குச் சுமார் 115 எழுத்துகள் முன்பாக அமர்ந்து அந்த நெருக்கத்தைத் தடுக்கிறது. வாய்ப்பு பீட்டாவுக்குப் போகிறது. அவ்விடத்தில் பிறவியிலேயே எழுத்து மாறியவர்கள் வாழ்நாள் முழுதும் காமாவைச் செய்துகொண்டு நலமாக இருக்கிறார்கள். 2008இல் ஸ்டூவர்ட் ஆர்க்கின் குழு இப்புரதமே காமாவை அடக்குகிறது என நிறுவியது.

3. இடம்

அப்புரதத்தையே ஒழித்துவிடலாமா? முடியாது. மூளை வளர்ச்சிக்கும் பி வகை வெள்ளணுக்களுக்கும் அது வேண்டும். வழி 2013இல் தெரிந்தது. பி.சி.எல்.11ஏ மரபணுவின் உள்ளேயே, புரதமாக மாறாத பகுதியில், சிவப்பணு மரபில் மட்டும் வேலை செய்யும் ஓர் என்ஹான்சர், அதாவது மரபணுவைத் தூண்டும் டி.என்.ஏ. பகுதி, இருக்கிறது. அச்செல்களில் மிகுந்துள்ள காட்டா1 புரதம் அதில் வந்து ஒட்டுகிறது. அந்த இருக்கையைச் சிதைத்தால் சிவப்பணு மரபில் பி.சி.எல்.11ஏ குறைகிறது, வெள்ளணுக்களில் குறைவதில்லை. புரதத்தின் செய்முறையும் அது வெளிப்பட வேண்டிய இடமும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

4. மருத்துவம்

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் கதிர் அரிவாள் ரத்தசோகைக்கு அனுமதித்த கேஸ்ஜெவி சிகிச்சை, நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களில் இந்த இருக்கையைத்தான் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு வெட்டுகிறது. பழுதான பீட்டாவையோ காமாவையோ அது தொடுவதே இல்லை.

ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். எலும்பு மஜ்ஜையை முதலில் கடும் மருந்தால் ஒழிக்கவும் வேண்டும். இந்தியாவில் இந்நோயின் மரபணு முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. அவர்களை எட்டக்கூடியது, சிவப்பணு மரபில் மட்டும் பி.சி.எல்.11ஏயைக் குறைக்கும் ஒரு மாத்திரைதான். ஆய்வின் முதல் உழைப்பு அத்தகைய மாத்திரைக்கே செல்ல வேண்டும்.