கரீபியன் தீவுக்கு டூர், கிண்டியில் ஊசி

"ட்ரினிடாட் டூர் போறதுக்கு எதுக்கு சார் கிண்டியில ஊசி?" தாம்பரத்திலிருந்து கிளம்பும் ஒரு குடும்பம் கேட்டது. "ஊசி போடாம சர்டிபிகேட் மட்டும் கிடைக்குமா?" இது அடுத்த கேள்வி.

பதில் 350 வருஷத்துக்கும் மேல் பழைய கதையில் இருக்கு மக்களே. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காமாலைன்னு நினைச்சுக்காதீங்க. இது கொசு பரப்பும் வைரஸ். கல்லீரலைத் தாக்கும், கண் மஞ்சளாகும், முற்றினால் ரத்த வாந்தி வரும். அந்தக் கட்டத்துக்குப் போறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்க மாட்டாங்க. வைரஸைக் கொல்ல இன்னிக்கும் தனி மருந்து இல்லை. கீழாநெல்லியும் உதவாது.

இந்த நோய் கரீபியன் மண்ணில் பிறந்ததில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை அடைச்சு ஏத்திட்டு வந்த கப்பல்களில் குடிதண்ணீர் பீப்பாய்கள் இருந்தன. அந்தத் தண்ணீரில் ஏடிஸ் கொசு வளர்ந்தது, வைரஸும் கூடவே வந்தது. 1647-ல் பார்படாஸில் கொத்துக் கொத்தாகச் செத்தாங்க.

1801-ல் நெப்போலியன் தன் மச்சான் லெக்லெர்க் தலைமையில் பெரும்படையை இன்றைய ஹைட்டிக்கு அனுப்பினார். அங்கே கிளர்ந்தெழுந்த அடிமைகளை அடக்கணும், அதான் உத்தரவு. அவங்க விடாம சண்டை போட்டாங்க. இன்னொரு பக்கம் காய்ச்சல் படையைத் தின்னுச்சு. லெக்லெர்க்கும் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். 1804-ல் ஹைட்டி சுதந்திர நாடு.

கொசுதான் காரணம்னு 1881-லேயே சொன்னவர் கியூபா டாக்டர் கார்லோஸ் ஃபின்லே. கேலி செஞ்சாங்க. 1900-ல் வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவ மருத்துவர் குழு அதே கியூபாவில் சோதிச்சு நிரூபிச்சது. அந்தக் குழுவின் ஜெஸ்ஸி லேசியர், கொசுக்கடி வாங்கி இறந்தார். வயசு 34. ஏறத்தாழ என் வயசு.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

மெட்ராஸிலிருந்து கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம்ம ஜனங்க பாய்மரக் கப்பலில் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அந்தத் தூரமே வேலி. 1914-ல் பனாமா கால்வாய் திறந்தது. அதுக்கு முன்னாடியே, பசிபிக் வழியா நோய் ஆசியாவுக்குள் வந்துடுமோன்னு பிரிட்டிஷ் இந்திய அரசுக்குப் பயம். எஸ்.பி.ஜேம்ஸ் என்ற மருத்துவ அதிகாரியை நேரில் போய் ஆராய்ந்து வரச் சொன்னாங்க. அப்புறம் விமானம் வந்து அந்தத் தூரத்தையும் முழுங்கிடுச்சு.

இன்றுவரை இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் பதிவானதில்லை. ஆனா அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே தாராளம். முடிச்சூரிலும் சேலையூரிலும் மூடாத டிரம்மில் வளர்ந்து டெங்கு தர்ற அதே கொசு! நம்மில் பெரும்பாலானவங்களுக்கு இந்தத் தடுப்பூசி கிடையாது. வைரஸோட ஒருத்தர் மீனம்பாக்கத்தில் இறங்கி, அவரை நம்ம கொசு கடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் நோய் அபாய நாட்டிலிருந்து கிளம்பி 6 நாளுக்குள் சர்டிபிகேட் இல்லாம வந்தா தனிமைப்படுத்துறாங்க. கடிச்சு 3 முதல் 6 நாளில் காய்ச்சல் வரும், அந்தக் கணக்கு.

ரெண்டாவது கேள்விக்கு என் பதில்: கிடைக்காது, கேட்கவும் கூடாது.

ட்ரினிடாட் வெனிசுவேலாவை ஒட்டிய தீவு. 1978-79-ல் அங்கே காட்டுக் குரங்குகளும் மனிதர்களும் இந்த நோயில் இறந்திருக்காங்க. அதனால் பட்டியலில் இருக்கு. பார்படாஸ், ஜமைக்கா மட்டும்னா தேவையில்லை. ஆனா வழியில் பிரேசில் மாதிரி நாடு வருதான்னு டிக்கெட்டைப் பாருங்க.

மாக்ஸ் டைலர் 1937-ல் உருவாக்கிய தடுப்பூசிதான் இன்னிக்கும். இதுக்காக 1951-ல் நோபல் வாங்கினார். ஒரே ஊசி; 2016 முதல் சர்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுறாங்க, நாள் நேரம் முன்கூட்டியே கேட்டுக்கோங்க. போட்டு 10 நாள் கழிச்சுதான் சர்டிபிகேட் செல்லுபடியாகும். உயிருள்ள வைரஸ் தடுப்பூசி என்பதால் கர்ப்பிணிகள், 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள், 60 தாண்டியவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, முட்டை அலர்ஜி உள்ளவங்க முதலில் டாக்டரிடம் பேசுங்க.