கரையான் தின்றது போக மிச்சம்

பேக்கப்னு பேச்செடுத்தா முதல்ல வர்ற கேள்வி இதுதான்: எது ரொம்ப நாள் தாங்கும்? டிவிடியா, ஹார்ட் டிஸ்க்கா, பென் டிரைவா, கிளவுடா? எங்க கடலூர், சிதம்பரம் பக்கத்துல இந்த ஆராய்ச்சி ஆயிரம் வருஷமா நடந்திருக்கு. ஓலையில எழுதிப் பாத்தாங்க, செம்புல, கல்லுல, மனுஷன் தொண்டையில, கடைசியா கப்பல்லயும் ஏத்திப் பாத்தாங்க. ரிசல்ட் எல்லாம் கைவசம் இருக்கு.

ஓலையிலிருந்து ஆரம்பிப்போம். தில்லைக் கோயில்ல ஒரு அறை, உள்ளே தேவார ஏடுகள், கதவுல மூவரோட கை இலச்சினை. மூணு பேரும் நேர்ல வந்தால்தான் திறப்போம்னு தில்லைவாழ் அந்தணர்கள் சொல்லிட்டாங்க. த்ரீ ஃபாக்டர் ஆதன்டிகேஷன்! :-) மூவர் திருமேனிகளையும் ஊர்வலமா கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறக்க வச்சான் சோழன். உள்ளே ஏடுகள் மேல புற்று. எண்ணெய் ஊத்திக் கரைச்சு எடுத்தப்போ பெரும்பகுதி செல்லரிச்சுப் போயிருந்தது. இந்த யுகத்துக்கு வேண்டியதை மட்டும் மிச்சம் வச்சிருக்கோம்னு அசரீரி வந்து சமாதானம் சொல்லிச்சாம்.

இதைச் சொல்றது உமாபதி சிவம் எழுதியதாகக் கருதப்படும் திருமுறைகண்ட புராணம். அவர் 14-ஆம் நூற்றாண்டு, ராஜராஜன் 985-லிருந்து 1014 வரை. நடுவுல முந்நூறு வருஷம். அதனால சம்பந்தர் 16,000 பதிகம், அப்பர் 49,000, சுந்தரர் 38,000 பாடினாங்கன்னு அதுல வர்ற கணக்கை நான் அப்படியே எடுத்துக்க மாட்டேன். கிடைச்சது சுமார் 800 பதிகம். ஆனா பூட்டி வச்ச ஒரே காப்பி என்ன கதிக்கு ஆளாகும்னு அந்தக் காலத்துக்காரங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. பனையோலை பராமரிச்சால் சில நூறு வருஷம் தாங்கும். பராமரிப்புன்னா எண்ணெய் தடவறது மட்டுமில்லை, நைஞ்சுபோறதுக்கு முன்னாடி புது ஓலையில பிரதி எடுக்கணும். பீரோவுக்குள்ள பத்து வருஷமா எடுத்துப் பாக்காத ஹார்ட் டிஸ்க்குக்கும் அந்த அறைக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

இதே கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த கட்டம். பாட்டு கிடைச்சிடுச்சு, பண் கிடைக்கலை. ஃபைல் இருக்கு, திறக்கிற சாஃப்ட்வேர் இல்லைங்கற நிலைமை. அதுக்கு எருக்கத்தம்புலியூருக்குப் போறாங்க. விருத்தாசலம் பக்கம் இருக்கற இன்றைய ராஜேந்திரப்பட்டினம்தான் அது. அங்கே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபுல வந்த ஒரு பெண்தான் பண் அமைச்சுக் கொடுக்கறாங்க. ஓலையில இல்லாதது ஒரு குடும்பத்துத் தொண்டையில இருந்திருக்கு.

இது வெறும் கதையா? பதிகம் பாடறது ராஜராஜனுக்கு முன்னாடியே கோயில்கள்ல இருந்தது. 9-ஆம் நூற்றாண்டு திருவல்லம் கல்வெட்டுல திருப்பதியம் பாடுவார் வந்துடறாங்க. தஞ்சைப் பெரியகோயில்ல ராஜராஜன் 48 பேரைப் பாட நியமிச்சு, ஆளுக்கு நாள் ஒண்ணுக்கு முக்குறுணி நெல் கொடுத்தான். ஒருத்தர் செத்துட்டால் அவரோட சொந்தக்காரர் வந்து பாடணும், அவருக்குத் தகுதி இல்லைன்னா தகுதியான ஆளைப் போடணும்னும் கல்வெட்டுல இருக்கு. டிஸ்க் ஃபெயில் ஆனா மாத்து டிஸ்க், அதையும் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் போடணும். இந்த ஷரத்தை எழுதின ஓலைநாயகத்தை இன்னிக்கு எந்த டேட்டா சென்டர்லயும் வேலைக்கு எடுத்துக்குவாங்க.

சிதம்பரத்துல அடுத்த முயற்சி செம்பு. முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துத் தளபதி நரலோகவீரன், மூவர் பாடல்களைச் செப்பேட்டுல எழுத வச்சான். அந்தச் செய்தி நமக்கு வந்தது எப்படின்னு பாருங்க, அதே கோயில் கல்வெட்டு வழியா! செம்பைக் கரையான் தின்னாது, மனுஷன் உருக்கிடுவான். அந்த ஆபத்துக்குத்தான் மண்ணுக்குள்ள புதைக்கறது. 2023 ஏப்ரல்ல சிதம்பரத்துக்குத் தெற்கே சீர்காழி சட்டைநாதர் கோயில்ல குடமுழுக்கு வேலைக்குத் தோண்டினப்போ, ஐம்பொன் சிலைகளோட தேவாரம் பொறிச்ச நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் வெளியே வந்தது. டிவிடிக்கு இந்த பாக்கியம் கிடையாது. எழுதற டிவிடியில இருக்கற சாயப்பூச்சு தானாவே வெளுக்கும். சும்மா கிடக்கற பென் டிரைவ்ல மின்னூட்டம் கசியும்.

கல்லு? இடம் ரொம்ப அடைக்கும், மொத்தத் தேவாரத்தையும் வெட்ட முடியாது. ஆனா வெட்டினது நிக்கும். தில்லைக் கிழக்குக் கோபுரத்துல 108 கரணச் சிற்பம் இருக்கு, கூடவே பரதரோட சுலோகமும் வெட்டியிருக்கு. தஞ்சாவூர்லயும் கரணம் இருக்கு, பேரு எழுதலை, 81-ஓட நின்னுபோச்சு. அதனால எந்தக் கரணம் எதுன்னு தெரியணும்னா தில்லைக்குத்தான் வரணும். 1926-ல பரோடாவுல நாட்டிய சாஸ்திரத்தை அச்சுப் போட்டப்போ சேர்த்த கரணப் படங்கள் இந்தக் கோபுரத்தோடதுதான். போட்டோவை டிஎஸ்சி 0001-ன்னு பேர் வச்சுச் சேமிக்கறவங்க ஒருதடவை கோபுரத்தை அண்ணாந்து பாக்கலாம்.

இதையெல்லாம் விடப் பெரிய சாட்சி திருவிடைவாய். கொரடாச்சேரி பக்கத்துச் சின்ன ஊர். சம்பந்தர் அங்கே பாடின பதிகம் எந்த ஏட்டுலயும் இல்லை. 1917-ல அந்த ஊர்க் கோயில் கல்வெட்டுல அகப்பட்டது, இப்போ மூன்றாம் திருமுறையோட சேர்த்து அச்சிடறாங்க. பாட்டு தொலைஞ்சது நிஜம்னு எனக்கு நம்பிக்கை வர்றது உமாபதி சிவத்தோட கணக்கால இல்லை, இந்த ஒரே ஒரு பதிகத்தால. ஓலைப் பிரதிகள் எல்லாத்துலயும் ஒரே இடத்துல ஓட்டை. ஓலையைப் பாத்து ஓலை எழுதினால் ஓட்டையும் சேர்ந்துதானே காப்பி ஆகும்? வேற ஊர்ல, வேற பொருள்ல ஒருத்தர் எழுதி வச்சதால தப்பிச்சது. எது ரொம்ப நாள் தாங்கும்கற கேள்வியே பாதிதான். எத்தனை இடத்துல, எத்தனை விதமா இருக்குங்கறது மீதி.

'எத்தனை இடம்'ங்கறதைக் கச்சிதமா செஞ்சவங்க நம்ம கடலூர்ல கடை போட்ட வெள்ளைக்காரங்க. 1690-ல மராத்தியர்கிட்ட வாங்கின செயின்ட் டேவிட் கோட்டை, 1746-லிருந்து 1752 வரைக்கும் கம்பெனிக்குச் சோழமண்டலக் கரைத் தலைமையிடம். கவுன்சில்ல பேசினது, துணி வியாபாரிக்குக் கொடுத்த முன்பணம் எல்லாத்தையும் எழுதி, லண்டனுக்குப் பிரதி அனுப்புவாங்க. முக்கியமான கடுதாசின்னா ஒரே கப்பலை நம்பறதில்லை, அடுத்த கப்பல்ல இன்னொரு நகல் போகும். 1758 ஜூன்ல பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடிச்சு இடிச்சுட்டார். தேவனாம்பட்டினத்துல இன்னிக்கு மிச்சம் கொஞ்சம்தான். கன்சல்டேஷன் குறிப்புகள் மட்டும் பொழைச்சுக் கிடந்து, பின்னாடி சென்னையில அச்சாகியும் வந்தது.

இந்தத் தூரக் கணக்கு எங்க ஊர்க்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். கடலூர் வீட்டுல ஒரு டிஸ்க், சிதம்பரத்துல அக்கா வீட்டுல ஒரு டிஸ்க்னு வச்சா, திருட்டுக்கும் தீக்கும் போதும். 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறினப்போ மாவட்டமே சேர்ந்துதான் அடி வாங்கிச்சு, 2015 வெள்ளத்துலயும் அப்படித்தான். அதனால மூணாவது காப்பி கோயமுத்தூர்லயோ, கிளவுட்லயோ இருக்கட்டும். கிளவுட்ல போட்டீங்கன்னா பாஸ்வேர்டை வீட்டுல இன்னொருத்தருக்கும் சொல்லி வைங்க. மூவரையும் ஊர்வலமா கூட்டிட்டு வந்தாலும் திறக்காத கதவு அது.