மானூர் சபையும் 'அன்று, அன்று' ஆசாமிகளும்

ஊர்ச்சபை, குடவோலை என்றாலே நமக்கு உத்திரமேரூர்தான் ஞாபகம் வரும். 919, 921-ஆம் வருஷங்களில், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள். பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. அதைவிட நூறு வருஷம் மூத்தது ஒன்று நெல்லைப் பக்கம் மானூரில் இருக்கிறது. ஏனோ அதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை.

கி.பி. 800-ஐ ஒட்டிய காலம். மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் ஆட்சி. பறையறைந்து அறிவித்து, மகாசபை கூடி, தனக்குத்தானே விதி போட்டுக்கொள்கிறது. ராஜா உத்தரவு இல்லை, கவனியுங்கள். பிரம்மதேய ஊர், நிலப்பங்கு வைத்திருந்த பிராமணர்களின் சபை. மற்ற ஊர்க்காரர்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பங்குதாரர் பிள்ளைகளிலும் ஒருவருக்குத்தான் இடம். அவருக்கும் நல்ல நடத்தை வேண்டும், மந்திரப் பிராமணமும் ஒரு தர்ம நூலும் கற்றிருக்க வேண்டும். கால், அரை, முக்கால் உறுப்பினர் எல்லாம் செல்லாது.

இவ்வளவு சலித்து எடுத்த படித்தவர்கள் கூட்டத்திலும் தகராறு வந்திருக்கிறது! இல்லாவிட்டால் அடுத்த விதிக்கு என்ன அவசியம்? சபையில் எந்தப் பேச்சு வந்தாலும் 'அன்று, அன்று' என்று குறுக்கே நின்று குத்துக்கால் செய்யக் கூடாது. செய்தால், செய்தவரும் அவருக்குத் துணை நின்றவரும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும்.

வங்கிக்காரன் புத்தியோ என்னவோ, எனக்கு இதில் இரண்டு விஷயம் பிடித்தது. ஒன்று, தண்டம் ஆளுக்காக இல்லை, காரியத்துக்காக. எத்தனை காரியத்தில் குறுக்கே நின்றாரோ அத்தனை ஐந்து காசு. இரண்டு, பின்னால் உட்கார்ந்து தலையாட்டுகிறவரும் தப்ப முடியாது. எங்கள் குடியிருப்பு சங்கப் பொதுக்குழுவில் இந்த இரண்டாவது ஆட்கள்தான் ஜாஸ்தி :-)

ஆனால் ஒரு நெருடல். உண்மையான ஆட்சேபம் எது, வீம்பு எது என்று யார் தீர்மானிப்பது? கடன் கமிட்டியில் ஒருவர் 'வேண்டாம்' என்றால் காரணத்தோடு மினிட்ஸில் ஏறும். நாளைக்குக் கடன் வாராக்கடனானால் அந்த ஒரு வரிதான் சாட்சி. மானூர் விதி ஒரேயொரு 'அன்று' சொன்னவரைத் தொடவில்லை, எல்லாவற்றுக்கும் சொன்னவரைத்தான் பிடித்தது. இருந்தாலும் எண்ணிக்கை வைத்தவர்கள் பெரும்பான்மைக்காரர்கள்தானே? அதற்குக் கல்லில் பதில் இல்லை.

லீவில் நெல்லை போகிறவர்கள், சங்கரன்கோவில் ரோட்டில்தான் மானூர். பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.