கொக்ரெயில் சொசேஜும் அம்மாவின் கேள்வியும்

கனடாவுக்கு வந்து நான் செய்த முதல் வேலை கோப்பை கழுவினது. 1989 ஆம் ஆண்டு மாரி காலம். ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தின் குசினி. சனிக்கிழமைகளில் கலியாணம் ஏதும் நடந்தால் எனக்குப் பதவி உயர்வு! தொட்டியடியில் இருந்து கூப்பிட்டு, சுண்டுவிரல் அளவுச் சொசேஜுகளில் பல்லுக்குத்தும் குச்சி குத்த விடுவார்கள். ஒரு இரவில் சில நூறாவது குத்தியிருப்பேன். பளபளவென்று இனிப்புக் குழம்பு பூசின அந்தச் சாமானுக்குப் பெயர் கொக்ரெயில் சொசேஜ்.

பதினைந்து வருசம் கழித்து, 2004 இல், மகளின் பிறந்தநாளுக்கு அதையே வீட்டில் செய்தேன். செய்முறை சரியான லேசு. சின்னச் சொசேஜ் இரண்டு பைக்கற். முந்திரிகைப்பழ ஜெலி ஒரு கப். சில்லி சோஸ் ஒரு கப். சில்லி சோஸ் என்றவுடன் உறைப்பை நினைக்காதையுங்கோ. இது தக்காளி, வினாகிரி, சீனி போட்ட அமெரிக்கச் சோஸ், உறைப்பு என்பதே கிடையாது. எல்லாவற்றையும் குறொக்பொட்டில் கொட்டி, குறைந்த சூட்டில் இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டால் சரி. சொசேஜ் ஏற்கெனவே அவித்துப் புகை போட்டது, சூடேறினால் போதும். ஜெலி உருகி, சோஸோடு சேர்ந்து வற்றி, சொசேஜில் மினுக்கமாய் ஒட்டிக்கொள்ளும். உப்புக்கு இனிப்பும் புளிப்பும் ஈடு கொடுக்கும். நான் கடைசியில் அரைத் தேக்கரண்டி இடிச்ச தூளும் போடுவேன். அது யாழ்ப்பாணத்துக் குணம், விடாது.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி அம்மாவுக்கு ஆகாது என்று கோழிச் சொசேஜ்தான் வாங்கினேன். ஆனால் மகள் "கொக்ரெயில் சொசேஜ் ரெடியா?" என்று கேட்டதை அம்மா கேட்டுவிட்டா.

"உதுக்குள்ளை குடிவகை ஏதும் கிடக்கோ மோனை?"

"இல்லையம்மா, பேர்தான் அப்பிடி."

நம்பவில்லை. அப்பாவின் குடியால் அரைவாசிச் சீவியத்தைத் தொலைத்தவ அவ. அந்தச் சொல்லே போதும். அறைக்குள் போனவ பார்ட்டி முடியும் வரை வெளியில் வரவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்திருந்த இடத்தில் எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "கனடாவுக்கு வந்தும் திருந்தமாட்டியள்" என்று கத்தினேன். அம்மா 2011 இல் போய்விட்டா. அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டிக்குள் கிடப்பவற்றின் வரலாற்றைத் தேடி வாசித்தேன்.

முதலில் சொசேஜ். உப்பிட்டது என்ற கருத்துள்ள லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியின் மிச்சசொச்சத்தைப் பழுதாகாமல் வைத்திருக்கக் கண்ட வழி. எங்கட கருவாட்டுக்குச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். மெல்லிய சொசேஜைப் பெயர்பெறச் செய்தவர் யொகான் கெயோர்க் லானர். யேர்மனியின் பிராங்போர்ட்டில் இறைச்சி வெட்டும் தொழில் பழகி, வியன்னாவுக்குப் பிழைக்கப் போனவர். 1805 இல் அங்கே பன்றியையும் மாட்டையும் கலந்து சொசேஜ் போட்டு விற்றார். பகிடி என்னவென்றால், வியன்னாக்காரர் அதைப் பிராங்போர்ட்டர் என்கிறார்கள். யேர்மன்காரரோ வீனர், அதாவது வியன்னாக்காரன் என்கிறார்கள். இரண்டு ஊரும் மற்ற ஊரின் பெயரைத்தான் சொல்கின்றன. அகதிகளான எங்களுக்கு இது புதுசில்லைத்தானே!

அடுத்தது ஜெலி. கறுத்த கொன்கோட் முந்திரிகையை 1849 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸில் வளர்த்தெடுத்தவர் எப்ரெயிம் புல். அந்தப் பழத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் தோமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர். நியூஜேர்சியில், மது விற்கத் தடை இருந்த வைன்லாண்ட் என்ற ஊரில் இருந்தவர். தீவிர மெதடிஸ்ற். கோயில் பூசையில்கூட வைன் கொடுப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பாஸ்ரரின் முறைப்படி சாற்றைச் சூடாக்கி, புளித்து மதுவாகாமல் 1869 இல் போத்தலில் அடைத்தார். அதற்கு அவர் வைத்த பெயரே புளிக்காத வைன். பிறகு அவருடைய மகன் அதைப் பெரிய வியாபாரமாக்கினார். 1918 இல் அந்தக் கொம்பனி செய்த முந்திரிகை ஜாமை அமெரிக்க இராணுவம் வாங்கியது. 1923 இல் ஜெலி வந்தது.

அந்த நேரம் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு, 1920 தொடக்கம் 1933 வரை. நாங்கள் வந்து குடியேறிய ஒன்ராறியோவிலும் 1916 இல் இருந்து 1927 வரை இருந்தது. மதுவிலக்கு எடுபட்ட பிறகு வீடுகளில் கொக்ரெயில் பார்ட்டி வெளிப்படையாய் நடந்தது. ஒரு கையில் கிளாஸ், மற்றக் கையில் குச்சியில் குத்தின உப்புப் பண்டம். சொசேஜுக்கு அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டியது. ஆக, குடிகாரருக்கென்று பெயர் வைத்த சொசேஜின் மேல், குடியை வெறுத்த ஒருவர் தொடங்கிவைத்த முந்திரிகை ஜெலியைத்தான் பூசியிருக்கிறோம்! அம்மாவும் வெல்ச்சும் சந்தித்திருந்தால் நல்லாய் ஒத்துப்போயிருப்பினம்.

கடைசியாய்ச் சட்டி. குறொக்பொட்டின் மூலத்தைச் செய்த இர்விங் நாக்சன் ஒரு யூதர். அவருடைய தாய் வில்னாவில், அதாவது இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸில் வளர்ந்தவ. யூதர் வெள்ளி பொழுதுபட்டால் நெருப்பு மூட்டமாட்டார்கள். அதனால் பயறு வகையும் இறைச்சியும் போட்ட பானையைப் பேக்கரியின் அணைந்த போறணையில் வைத்துவிடுவார்கள். மிச்சச் சூட்டில் விடியவிடிய அது அவியும். தாய் சொன்ன இந்தக் கதையைக் கேட்ட மகன் மின்சாரச் சட்டி செய்து 1940 இல் காப்புரிமை பெற்றார். வேறொரு கொம்பனி அதை வாங்கி 1971 இல் குறொக்பொட் என்று விற்றது.

ஊர்விட்டு ஊர் போன ஒருவர், மதுவைத் தொடாத ஒருவர், விரதம் தவறாத ஒரு குடும்பம். வெள்ளைக்காரச் சாப்பாடு என்று நான் பெருமையாய் மேசையில் வைத்ததற்குள் இவ்வளவு பேரும் இருந்திருக்கினம். நாக்சன் தாய் சொன்ன கதையைக் காது கொடுத்துக் கேட்டார். நான் அறைக் கதவைச் சாத்தின அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "வாங்கோ அம்மா, இதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு காட்டுறன்" என்று சட்டி மூடியைத் திறந்து காட்ட எனக்கு ஐந்து நிமிசம் போதும். பிள்ளைகளோடு அவவும் ஒன்று எடுத்திருப்பாவோ என்னவோ.

இப்ப மகள்தான் நத்தாருக்கு அதைச் செய்கிறாள், கோழிச் சொசேஜில். அப்பம்மாவின் கதையை அவளுக்குச் சொல்லிவிட்டேன், நான் கத்தினதையும் சேர்த்து. உங்கட வீட்டிலும் ஒரு பெயரைக் கேட்டுச் சாப்பிடாமல் எழும்பிப் போன ஆட்கள் இருப்பினம். உயிரோடு இருந்தால், போய் இருந்து சொல்லுங்கோ.